நெற் சந்தைக்குச் சட்டம் செய்வது யார்?

பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் தை, மாசி மாதங்களில் ஓட்டமாவடிப் பாலத்தருகே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு நாம் கூறப்போவது புதிதாக இராது. மட்டக்களப்பு வயல்களில் விளைந்த நெல்லை மூடை மூடையாகச் சுமந்த லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கிச் செல்லும். புணானையைத் தாண்டி வெலிக்கந்தையை அடையும்போது அந்நெல் கிழக்கு மாகாணத்தை விட்டு வட மத்திய மாகாணத்துட் புகுந்துவிடுகிறது. பொலன்னறுவை ஆலைகளில் அரிசியாகி, பல வேளைகளில் வந்த வழியே திரும்பி, ஓட்டமாவடிக் கடைகளிலேயே விற்பனைக்கு அடுக்கப்படுகிறது. நெல்லை விற்ற கமக்காரரே அரிசியை வாங்கவும் வந்து நிற்கின்றார். விற்ற அன்றும் விலையைச் சொன்னவர் அவரல்லர். வாங்கும் இன்றும் விலையைச் சொல்பவர் அவரல்லர்.

இதன் காரணத்தைக் கமக்காரர் எவரும் நன்கறிவர். இயந்திரம் வெட்டித் தள்ளும் நெல் ஈரத்தோடு வருகிறது. காயவைக்கக் களமில்லை, தெருவோரமே களமாகிறது. வைத்து விற்கக் களஞ்சியமில்லை. பசளைக் கடனும், எண்ணெய்க் கடனும், வெட்டுக்கூலியும் வாசலில் நிற்கின்றன. வருகின்ற கொள்வனவாளரோ ஒரு சிலர். முதலாமவர் சொன்ன விலையையே இரண்டாமவரும் சொல்கிறார். மூன்றாமவர் அதையும் சொல்லாமல், முன்னவரிடமே கொடுத்துவிடுங்கள் என்று போய்விடுகிறார். ஈரக் கழிவு, பதர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று நிறையிலே கழிப்பது வேறு. மூடையை 65 கிலோ என்று வைத்தால், கிலோவுக்குப் பத்து ரூபா குறையும்போது மூடைக்கு 650 ரூபா போகிறது. ஏக்கருக்கு 25 மூடை கண்டவர் 16,250 ரூபாவை இழக்கிறார். ஐந்து ஏக்கர் செய்தவரின் இழப்பை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதற்குச் சட்டம் உண்டா, உண்டெனின் அதைச் செய்ய வல்லவர் யார், கொழும்பிலுள்ள பாராளுமன்றமா, திருகோணமலையிலிருந்து ஆளவேண்டிய மாகாண சபையா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. அரசியல் மேடைகளில் காணியும் பொலிசும் பேசப்படும் அளவுக்குச் சந்தை பேசப்படுவதில்லை. 1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கையிற் பிரதேச சபைகளுக்கென எண்ணப்பட்ட விடயங்களை எடுத்துப் பாருங்கள். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர், தெரு எல்லாம் உண்டு. வணிகமும் சந்தையும் இல்லை. விளைவிப்பது எம் கையில் வந்தாற் போதும், விற்பது தானே நடக்கும் என்று அன்றைய பெரியோர் கருதினர் போலும். அன்று உத்தரவாத விலைத் திட்டம் நெல்லை வாங்கிக்கொண்டிருந்தது; ஆதலின் அவர்களைக் குறைகூற நாம் முற்படவில்லை.

1987 ஆம் ஆண்டு மூன்று சட்டங்களைத் தந்தது. அவ்வாண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தால் நியாயமான வர்த்தக ஆணைக்குழு அமைந்தது. ஏகபோகம், கம்பெனிகளின் ஒன்றிணைப்பு, போட்டிக்கெதிரான நடைமுறை ஆகிய மூன்றையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கிருந்தது. 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கிப் பொதுச் சந்தைகளை அவற்றின் பொறுப்பில் விட்டது. நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் மாகாண சபைகளைப் படைத்தது. ஒரே ஆண்டிற் பிறந்த இம்மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. போட்டியைக் காக்கும் சட்டத்தில் மாகாணம் என்ற சொல்லுக்கு வேலையில்லை; மாகாணச் சட்டத்தில் போட்டி என்ற சொல்லுக்கு வேலையில்லை.

13 ஆம் திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சந்தைகள், மாகாணத்துக்குள்ளான உணவு வழங்கலும் பகிர்வும், கூட்டுறவு, விவசாயம் என்பன மாகாண சபை நிரலில் உள்ளன. மாகாணங்களுக்கிடையிலான வணிகமும், எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுத்தலும் மத்திக்கு ஒதுக்கிய நிரலில் உள்ளன. விலைக் கட்டுப்பாடும், உணவுப் பொருள்களின் உற்பத்தி, வழங்கல், வணிகம் என்பனவும் இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் உள்ளன. இப்பொழுது நமது நெல் மூடையைப் பின்தொடர்வோம். ஓட்டமாவடிச் சந்தையில் நிறுக்கப்படும்போது அது மாகாணத்தின் விடயம். உணவுப் பொருளாக விற்கப்படும்போது இருவரின் விடயம். வெலிக்கந்தைக்குப் போகும் லொறியில் ஏறியதும் கொழும்பின் விடயம். காலையிற் கட்டிய மூடை மாலைக்குள் மூன்று ஆட்சிகளைக் கண்டுவிடுகிறது. ஆனால் அம்மூன்றில் ஒன்றாவது அதன் விலை எவ்வாறு தீர்ந்தது என்று கேட்டதாக நாம் அறியோம்.

மத்தி என்ன செய்தது? 1987 இன் ஆணைக்குழுவைக் கலைத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தாற் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அமைத்தது. அம்மாற்றத்தில் ஏகபோகத்தையும் ஒன்றிணைப்பையும் பற்றிய பிரிவுகள் கைவிடப்பட்டன. பத்து ஆலைகளை ஒருவரே வாங்கிக்கொண்டாலும் வாங்குமுன் அனுமதி பெறவேண்டிய இடம் இச்சட்டத்தின்கீழ் இல்லாது போயிற்று. எஞ்சியது போட்டிக்கெதிரான நடைமுறையைப் பற்றிய 34 ஆம், 35 ஆம் பிரிவுகள். பொருள்களின் உற்பத்தியிலும் வழங்கலிலும் மட்டுமன்றி, அவற்றைப் பெறுவதிலும் போட்டியைத் தடுக்கின்ற, கட்டுப்படுத்துகின்ற, திரிக்கின்ற நடத்தையையும் 35 ஆம் பிரிவு தன்னுள் அடக்குகிறது. பெறுவது என்ற சொல்லைக் கமக்காரர் அமைப்புகள் அடிக்கோடிட்டு வைத்தல் வேண்டும். விற்பவனின் சூழ்ச்சியிலிருந்து வாங்குபவனைக் காக்கவே இச்சட்டம் என்று பலரும் எண்ணுகின்றனர். வாங்குபவர் சிலர் கூடி விற்பவனை நெருக்குவதும் அதன் வரம்புக்குள் வருகிறது. யாரேனும் ஒருவர் முறையிட்டாலே விசாரணை தொடங்கலாம்; முறைப்பாடின்றி அதிகாரசபை தானாகவும் தொடங்கலாம்.

சட்டம் பயின்றோர் இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நால்வர் ஒரே விலையைச் சொல்வது மட்டும் குற்றமாகிவிடாது. சந்தையிலுள்ள விலை எதுவென நால்வருக்கும் தெரியுமாதலால், ஒருவரோடொருவர் பேசாமலே ஒரே விலைக்கு அவர்கள் வரக்கூடும். பேசினார்கள் என்பதற்கோ, ஒருவர் வாங்கும் ஊருக்கு மற்றவர் போவதில்லை என்று பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதற்கோ சான்று வேண்டும். அச்சான்று வயல்வெளியிற் கிடக்கிறதேயன்றிக் கொழும்பு அலுவலகத்தின் கோப்பில் இல்லை. எந்த நாளில் எந்த லொறி வந்தது, யார் யாருக்குத் தொலைபேசியிற் பேசினார், எந்த ஊரில் யார் வாங்க மறுத்தார் என்பவற்றை அறிந்தவர் இங்கேயே இருக்கின்றார். இதைத் தேடும் வேலைக்கு அருகிலுள்ள அதிகாரி வேண்டும் என்பதுதான் மாகாணத்தின் பங்கைப் பற்றி நாம் வற்புறுத்துவதற்கு முதற் காரணம்.

மத்தி தன் வலிமையை எங்கே காட்டியிருக்கிறதென்றால் விலைச் சீட்டில். 2021 செப்டம்பர் முதல் வாரத்தில் அரிசிக்கு உச்ச விலை விதித்து, அம்மாதம் முடியுமுன்னரே அதை நீக்கியது. அவ்வாண்டிற் சட்டத்தைத் திருத்தி, உச்ச விலையை மீறும் தனியாளுக்கான அபராதத்தை 100,000 ரூபாவிலிருந்து 500,000 ரூபா வரையாக உயர்த்தியது. 2024 டிசம்பரில் மறுபடியும் உள்நாட்டு நாட்டரிசி கிலோ 230 ரூபா, சம்பா 240 ரூபா, கீரிச் சம்பா 260 ரூபா என உச்ச சில்லறை விலை வர்த்தமானியில் வெளியாயிற்று. 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தும் சபை நாட்டு நெல்லைக் கிலோ 120 ரூபாவுக்கும், சம்பாவை 125 ரூபாவுக்கும், கீரிச் சம்பாவை 132 ரூபாவுக்கும் வாங்குமென அறிவிக்கப்பட்டது. இரண்டும் அரசு சொன்ன விலைகளே. ஆயின் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை நோக்குங்கள். அரிசியின் உச்ச விலை ஓட்டமாவடியின் பெட்டிக்கடைக்காரரைச் சட்டத்தாற் பிணிக்கிறது, மீறினால் நீதிமன்றம். நெல்லின் விலையோ சபையின் களஞ்சிய வாசலோடு நின்றுவிடுகிறது. சபை வாங்காத நெல்லைத் தனியார் என்ன விலைக்கு வாங்கினாலும் அவரை அது பிணிப்பதில்லை. சபை கேட்பதோ ஈரப்பதன் நூற்றுக்கு 14 க்கு மேற்படாத உலர்ந்த நெல். தெருவோரத்தைத் தவிர வேறு களமற்றவர் அதை எங்ஙனம் கொடுப்பார்? சிறு கடைக்காரர் மேல் இரும்பாகவும் பெருங் கொள்வனவாளர் மேல் பஞ்சாகவும் விழுகின்ற கோல் இது.

அரசே எல்லா நெல்லையும் வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். அதையும் நாம் பார்த்திருக்கின்றோம். 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தபின், 1977 வரை நெற் கொள்வனவு அதன் ஏகபோகமாக இருந்தது. அரிசியை இடம் விட்டு இடம் கொண்டுசெல்லவொட்டாது தெருக்களிலே தடை போட்டுப் பைகளைச் சோதித்த காலம் அது. வீட்டுப் பாவனைக்கு ஒரு சிறு பொதி அரிசி கொண்டுபோனவரும் கள்வரைப்போல் இறக்கிவிடப்பட்டதை முதியோர் இன்றும் சொல்வர். ஒரு சிலரின் பிடியைவிட ஒரே ஒருவரின் பிடி தளர்ந்ததாயிராது. அவ்வொருவர் அரசாங்கமாக இருந்தாலும் அப்படியே.

பிற நாடுகளில் இரண்டு ஆட்சிகள் ஒரே சந்தைக்குச் சட்டம் செய்யும்போது என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது இவ்விடத்திற் பயன் தரும். ஐக்கிய அமெரிக்காவில் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் தலைநகரிற் பிறக்கவில்லை. கன்சாஸ் முதலான கமத்தொழில் மாநிலங்கள் 1889 இலேயே தத்தமக்குச் சட்டம் செய்தன. மத்தியின் ஷெர்மன் சட்டம் அடுத்த ஆண்டே, 1890 இலே, வந்தது. வந்த பின்னும் மாநிலச் சட்டங்கள் செத்துப்போகவில்லை. இன்றும் இரண்டும் அருகருகே நடக்கின்றன. 1989 இல் ஒரு சீமெந்து வழக்கு அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. விலைச் சதியால் நட்டமுற்றவர் நேரடியாக வாங்கியவராக இருந்தாலன்றி மத்திய சட்டத்தின்கீழ் நட்டஈடு பெறல் பொதுவாக இயலாது என்று அதே நீதிமன்றம் 1977 இல் தீர்த்திருந்தது. சில மாநிலங்களோ இடையாள் மூலம் வாங்கியவருக்கும் நட்டஈடு உண்டென்று சட்டம் செய்திருந்தன. மத்தி கொடுக்காததை மாநிலம் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றது தீர்ப்பு. மத்தியின் சட்டத்தை அவர்கள் வீட்டின் தரையாகக் கொண்டனர், கூரையாகக் கொள்ளவில்லை. 1976 இல் வந்த திருத்தமோ, மாநிலச் சட்டமா அதிபர் தம் மாநிலத்து மக்களுக்காகத் தாமே மத்திய சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து நட்டஈடு பெற வழிவகுத்தது. தனியொரு கமக்காரர் ஒருநாளும் ஏறமுடியாத படிகளை அவருக்காக ஏறுவதற்கு ஓர் அலுவலர் உண்டாயினார்.

ஆனால் மாநிலம் எப்போதும் நல்லதையே செய்யும் என்று நாம் வாசகரை ஏமாற்றப் போவதில்லை. கலிபோர்னியாவின் உலர்திராட்சைக் கதை அதற்குச் சான்று. அம்மாநிலம் திராட்சை செய்வோரின் விலை விழாதிருக்க, அறுவடையின் ஒரு பகுதியைச் சந்தைக்கு விடாது நிறுத்திவைக்கும் திட்டமொன்றைச் சட்டத்தால் நடத்திற்று. தனியார் கூடி அதைச் செய்திருந்தாற் பெருங் குற்றம். மாநிலமே தன் சட்டத்தாற் செய்தமையால் ஷெர்மன் சட்டம் அதைத் தொடாது என்று 1943 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அங்கே விளைந்த உலர்திராட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாநிலத்துக்கு வெளியே விற்பனையானது. விலையுயர்வைச் சுமந்தவர் அச்சட்டத்தைச் செய்த சபைக்கு வாக்களிக்காத பிற மாநிலத்தவர். நாளை பொலன்னறுவையையுடைய வட மத்திய மாகாண சபை தன் ஆலைகளுக்குச் சாதகமாகச் சட்டம் செய்து, எம் நெல்லுக்கு எல்லையில் ஒரு கட்டணத்தை விதித்தால் நாம் என்ன சொல்வோம்? ஆதலின் மாகாண எல்லையைத் தாண்டும் வணிகத்துக்குப் பொதுவான ஒரு சட்டமும், அதைக் காக்கும் மத்தியும் வேண்டுமென்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

இத்துறையில் எமது சொந்தத் தொழிலும் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். வேர்ஜினியா மாநிலத்துச் சட்டத்தரணிகள் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலொன்றை வைத்திருந்தனர். மாநில அமைப்பின் நிழலில் நின்றாலும் அது விலைச் சதியே என்று 1975 இல் தீர்ப்பாயிற்று. நெல் வியாபாரியைச் சுட்டும் விரல் சிலவேளை எம்மையும் சுட்டும்.

இந்தியாவின் அனுபவம் எமக்கு இன்னும் அணித்தானது. ஏனெனில் எமது ஒருங்கிய நிரலிலுள்ள உணவுப் பொருள் வணிகம் பற்றிய சொற்கள், இந்திய அரசியலமைப்பின் ஒருங்கிய நிரலில் 33 ஆம் இலக்கத்திலுள்ள சொற்களின் மறுபதிப்புப் போன்றவை. அங்கே உணவுப் பொருள் அவ்விலக்கத்திற் சேர்ந்தது 1954 இன் மூன்றாம் திருத்தத்தால். சந்தைகளோ அங்கும் மாநிலத்தின் விடயம். சென்னை மாகாணம் 1933 இலேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தைச் செய்து, நிறையையும் தரகையும் ஒழுங்குபடுத்திய பெருமையுடையது. இன்று தமிழ்நாட்டில் நாம் காணும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அவ்வழி வந்தவை. 2020 இலே புதுடில்லி அரசு 33 ஆம் இலக்கத்தைத் துணைகொண்டு, மாநிலச் சந்தை எல்லைக்கு வெளியே நடக்கும் விளைபொருள் வணிகத்துக்கு மாநிலங்கள் கட்டணம் விதிக்கலாகாது என்று சட்டம் செய்தது. போட்டியைப் பெருக்கவே இது என்றனர். பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டில்லி எல்லையிலே ஓராண்டுக்கு மேல் அமர்ந்தனர். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் மீளப்பெறப்பட்டன. மாநிலச் சந்தைகளிற் குறையே இல்லையென்று நாம் வாதிடவில்லை. தரகர் ஆட்சி அங்கும் உண்டு. ஆனால் பொதுவான நிரலிலுள்ள ஒரு வரியை மத்தி தனியே எடுத்தாண்டால், மாநிலத்தின் கையிலுள்ள சந்தை எவ்வளவு எளிதில் வெறுங்கூடாகும் என்பது அங்கே தெரிந்தது.

எம் நாட்டிலும் அதே வாசல் திறந்தே கிடக்கிறது. ஒருங்கிய நிரலிலுள்ள விடயத்தில் மாகாண நியதிச்சட்டம் பாராளுமன்றச் சட்டத்தோடு முரண்படுமானால், முரண்படும் அளவுக்கு நியதிச்சட்டம் வெற்றானது என்கிறது அரசியலமைப்பின் 154எ உறுப்புரை. முரண்பாடு என்பது யாது? மத்தி ஒன்றைக் குற்றமென்று, மாகாணம் அதைச் செய்யலாம் என்றால் முரண்பாடு தெளிவு. மத்தி பேசாத ஒன்றை மாகாணம் தடுத்தால்? மத்தி தடுத்ததை மாகாணம் இன்னும் கடுமையாகத் தடுத்தால்? இதைத் தீர்க்காது விட்டால், நாளை கிழக்கு மாகாண சபை நெற் சந்தை நியதிச்சட்டம் ஒன்றைச் செய்யும்போது, அதனால் நட்டமடையும் பெருவணிகர் முதல் நாளிலேயே நீதிமன்றம் சென்று தடை பெற முயல்வர். ஆதலின் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு சிறு பிரிவைச் சேர்க்குமாறு நாம் கேட்கிறோம்: ஒரு மாகாணம் தன் எல்லைக்குள் கமக்காரருக்கும் பாவனையாளருக்கும் கூடிய பாதுகாப்பை வழங்கி இயற்றும் நியதிச்சட்டம் இச்சட்டத்தோடு முரண்பட்டதாகக் கொள்ளப்படலாகாது, பிற மாகாணத்துப் பொருளுக்கோ வணிகருக்கோ பாகுபாடு காட்டுமிடத்து மட்டும் இச்சட்டமே மேலோங்கும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. பாராளுமன்றத்தின் ஒரு மாலைப்பொழுது போதும்.

அத்தோடு இரண்டு காரியங்கள். கைவிடப்பட்ட ஏகபோக, ஒன்றிணைப்புப் பிரிவுகள் மீள வரல் வேண்டும். அவை மத்தியின் வேலை, மாகாணத்தால் ஆகாதவை. மாகாணத்தில் ஒரு சந்தை அலுவலர், கமக்காரருக்காக அதிகாரசபையிலும் நீதிமன்றிலும் தம் பெயராலே முறையிடும் அதிகாரத்தோடு இருத்தல் வேண்டும். மேலும், கமக்காரர் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே விலைக்கு விற்பது சதியன்று என்பது எழுத்தில் வரல் வேண்டும். அமெரிக்கா 1922 இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் செய்துவிட்டது. அல்லாவிடின் வாங்குவோரைப் பிடிக்க விரித்த வலையில் விற்போர் விழுவர்.

இவற்றையெல்லாம் செய்யவேண்டிய மாகாண சபை எங்கே? 2012 இல் தெரிவான கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. இதை எழுதும் வரை புதிய தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் நிருவாகத்தை நடத்தலாம். நியதிச்சட்டம் செய்ய மக்கள் தெரிந்த சபை வேண்டும். 2012 இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது, சபையில்லாத வட மாகாணத்தின் சார்பில் ஆளுநர் இசைவு கொடுத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறியதை மறந்துவிடலாகாது. சபை இல்லாத மாகாணத்துக்கு ஒருங்கிய நிரல் வெறுந்தாளே.

அதுவரை கைகட்டி நிற்கவேண்டுமா? 2025 மே மாதத் தேர்தலில் பிரதேச சபைகள் மக்களாற் தெரிவாகியிருக்கின்றன. பொதுச் சந்தை அவற்றின் கையில். கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை சோதித்து முத்திரையிட்ட ஒரு பொதுத் தராசையும், ஈரப்பதன் பார்க்கும் ஒரு கருவியையும், ஒரு சீமெந்துக் களத்தையும் வைக்குமானால், நிறைக் கழிவிற் போகும் பணத்திற் பெரும்பகுதி நின்றுவிடும். இதற்குக் கொழும்பின் இசைவு வேண்டியதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் நாட்டில் இக்களத்துக்கு இனமில்லை. கமக்காரர் அமைப்புகள் வருகின்ற வெட்டுக்கு முன் ஆளுக்கொரு கொப்பி வாங்கட்டும். திகதி, வந்த லொறியின் இலக்கம், சொன்ன விலை, பார்த்த ஈரப்பதன், கழித்த நிறை, வாங்க மறுத்தவர் சொன்ன காரணம் என்பவை அன்றன்றே எழுதப்படல் வேண்டும். பின்பு நினைவிலிருந்து எழுதியது நீதிமன்றில் நில்லாது. பத்து வட்டைகளின் கொப்பிகள் சேர்ந்தால் 34 ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு வரையலாம். அதை வரைந்து தருவதற்கு மட்டக்களப்பிலும் வாழைச்சேனையிலும் உள்ள சட்டத்தரணிகள் சிலர் கூலியின்றி முன்வந்துள்ளனர். பங்குனி முடியுமுன் கொப்பிகள் அவர்கள் கைக்கு வந்து சேரல் வேண்டும்.